இரண்டாவது சேலை

பேருந்தின் நெற்றியில் கோட்டுச்சேரி என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருக்கும். அதற்குக் கீழேயே நின்றுகொண்டு என் ஹாஸ்டல் அறைத்தோழி, "அண்ணா, இது கோட்டுச்சேரி போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்பாள். அவர் போகும் என்பார். "அவுனா?" என்பாள். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டு அம்மாளிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வாள். அந்த அம்மாள் என்னைப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவுனா என்றால் தெலுங்கில் அப்படியா என்று அர்த்தம். அவளுக்குச் சொந்த ஊர் ஏனாம். ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரையில் கிடக்கும் ஏனாமுக்கும் எங்கள் காரைக்காலுக்கும் ஒரே அரசாங்கம். அதனால் எங்கள் நர்சிங் கல்லூரியில் அந்த ஊர்ப் பெண்களுக்கும் சில இடங்கள் உண்டு. முதல் வருஷம் முடிவதற்குள் தமிழைப் பிடித்துவிட்டாள். அவுனாவை மட்டும் விடவில்லை. மற்றவர்கள் அப்படியா என்று கேட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். இவள் கேட்டால் விசாரணை ஆரம்பம்.

மெஸ் சாம்பாரை முதலில் ஒரு கரண்டி தனித் தட்டில் ஊற்றி, முகர்ந்து பார்த்த பிறகுதான் சோற்றில் விடுவாள். மாத்திரை அட்டையின் தேதியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படிப்பாள். வார்டு பயிற்சியில் நாங்கள் சிலர், சோம்பல் வந்தால், பார்ப்பதற்குத் தெம்பாக இருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். அவள் பின்னாலேயே வந்து பட்டையைக் கட்டி மறுபடி பார்ப்பாள். ஒரு முறை, நான் எழுதிய நூற்றிருபது அவள் கையில் நூற்றெண்பதாக ஏறி நின்றது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதினாள். "சிரிக்குறாங்கன்னு நம்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படிப்பட்டவளோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, இரண்டாம் வருஷம் நான் செத்துப்போவதாக முடிவு செய்திருந்தேன். இதை இத்தனை வெளிப்படையாக எழுத எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பூவம். கல்லூரியிலிருந்து ஒரே பஸ், அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நர்சிங் படிக்கிறவர்கள் எல்லாரும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்பது கல்லூரிச் சட்டம். ஒரு நாள் காரைக்கால் கடற்கரைச் சாலையில் ஒரு பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, வண்டியைவிட வேகமாக அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போனால் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். நான் போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பையன் யார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஒளிக்கும்படியாக அதில் ஒன்றும் இல்லை. நாலு மாதம் போயிற்று.

அதே அப்பா வருஷத்துக்கு ஒரு நாள் வாய் ஓயாமல் பேசுவார். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுக் கன்னிக்குப் படைக்கும் நாளில்.

கன்னி என்றால் அப்பாவின் தங்கை. எனக்கு அத்தை. கல்யாணம் ஆகாமல் பத்தொன்பது வயதில் போய்விட்டார். வயிற்றுவலி தாங்காமல் போய்விட்டார் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் வயசுப் பெண் அப்படிப் போனால் ஊர் சொல்வது எல்லாம் வயிற்றுவலிதான். அந்த வலி என்னவென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிப் போன பெண்ணை வீட்டுச் சாமியாக்கி, ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று ஒரு சேலை வைத்துக் கும்பிடுவோம். ஒவ்வொரு ஆடிக்கும் புதுச்சேலை வாங்கி, நாலு முனையிலும் மஞ்சள் தடவிப் பெட்டிக்குள் வைப்போம். போன வருஷச் சேலையை எடுத்து வீட்டுப் பெண் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தையின் சேலையில்தான் நான் தாவணியும் பாவாடையும் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

சூடம் கொளுத்திவிட்டு அப்பா அந்தப் பெட்டியிடம் பேசுவார். "என்னடா தங்கம், கோவமா இருக்கியா? இந்த வருஷம் குறுவை பரவால்ல. நீ பாத்துக்க." கண்ணில் தண்ணீர் கொட்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். உயிரோடு இருக்கிறவளிடம் வாயைத் திறக்காத மனிதர் பெட்டியிடம் உருகுகிறாரே என்ற எண்ணம் எந்த வயதில் வந்தது என்று தெரியாது. அந்த வருஷம் அது என் தலைக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காரைக்கால் கடைத்தெருவில் நீல நிறத்தில் ஒரு சேலை வாங்கினேன். நாலு முனையிலும் மஞ்சள் தடவினேன். ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். சாவதற்கு முன்னால் தன் பெட்டிச் சேலையைத் தானே வாங்கி வைத்த பைத்தியம் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பைத்தியமாகத் தோன்றவில்லை. சரியான ஏற்பாடாகத் தோன்றியது.

சேலை வாங்கிய மறுநாள் என் வாட்சை அவளிடம் கொடுத்தேன். நர்சுகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வாட்ச். அவளுடையது ஓடாமல் நின்றுபோயிருந்தது.

"வெச்சுக்க. எனக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

"அவுனா? எங்க, காட்டு."

காட்டுவதற்கு என்னிடம் இல்லை. சாயங்காலம் வாட்ச் என் அலமாரியிலேயே கிடந்தது. மறுபடி அவள் மேசையில் வைத்தேன். மறுபடி திரும்பி வந்தது. ஓசியில் கொடுத்தாலும் வாங்காத ஜன்மம் என்று மனதுக்குள் வைதேன்.

அதற்கப்புறம்தான் அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால், காய்ந்துபோன துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். நான் சிரித்தால் முகத்தை உற்றுப் பார்ப்பாள். ஒரு நாள் நான் ரொம்ப உற்சாகமாக இருந்தேன், தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வகுப்புக்கே போகாமல் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். வார்டனுக்கு ஒற்று வேலை பார்க்கிறாள் என்று நினைத்தேன். வண்டி விஷயம் வார்டன் காதுக்குப் போய், இவளை வேவுக்கு விட்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். பெரிய உளவாளியைப் பிடித்துவிட்ட கர்வம் எனக்கு.

ஒரு மதியம் டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் என் ட்ரங்குப் பெட்டிக்குள் துணிகள் இடம் மாறியிருந்தன. நேராக வார்டனிடம் போய், என் பெட்டியை யாரோ துழாவியிருக்கிறார்கள் என்றேன். வார்டன் எங்கள் அறைக்கு வந்து கேட்டார். அவள் மறைக்கவே இல்லை.

"ஆமா மேடம். நான்தான் திறந்தேன்."

"எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். வார்டனைப் பார்த்தாள். "சும்மா," என்றாள்.

வாயைத் திறந்தால் கேள்வி கேட்கிறவள் அதற்குமேல் வார்டன் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. எதுவும் காணாமல் போகவில்லை என்றாலும் அவளுக்கு ஒரு மாதம் வெளியே போக அனுமதி ரத்து. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வார்டன் போன பிறகு அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அந்த நீல சாரி. அதுல மஞ்சள் எதுக்கு?"

"எங்க வீட்டுச் சாமிக்கு. ஆடிக்கு எடுத்துட்டுப் போவணும்."

"அவுனா? ஆடிக்கு நானும் வரேன்."

எங்கள் அறையில் மூன்றாவது கட்டில் ஒன்று உண்டு. காரைக்கால் டவுன் பெண், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. நல்லவள், வீட்டிலிருந்து வருவது எதையும் எங்களுக்குத் தராமல் சாப்பிட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு செய்தி பார்த்தாள். பரீட்சை முடிவு வந்த அன்று எங்கோ ஒரு மாணவன் உயிரை மாய்த்துக்கொண்டானாம். "அஸ்தஃபிருல்லா" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டபடி போனைக் கவிழ்த்துவிட்டாள்.

"எங்க வீட்டுல இந்தப் பேச்சையே எடுக்க முடியாதுடி. அல்லா குடுத்த உசிரு. நாவால சொல்றதே பாவம்."

ஏனாம்காரி விடவில்லை. "யாருக்காச்சும் தோணுச்சுன்னா? அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

"தோணாது."

"அவுனா?"

அந்தப் பெண் தலையணை உறையை மாற்ற ஆரம்பித்தாள். முந்தின வாரம்தான் மாற்றியிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்டுல கும்புடுவாங்க," என்றேன். அத்தையின் கதையைச் சொன்னேன். பெட்டி, சேலை, அப்பா அழுவது எல்லாம். பெருமையாகவே சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் ப்ளஸ் டூ படிச்ச கோச்சிங் ஹாஸ்டல்ல சாமியெல்லாம் ஆக்க மாட்டாங்க," என்றாள். "பெட் நம்பர வேற பொண்ணுக்குக் குடுப்பாங்க. மூணாவது நாள் டெஸ்ட் இருக்கும். ரிசல்ட் நேரத்துல பசங்க அதச் சொல்லி ஜோக் அடிக்கும். நானும் அடிச்சிருக்கேன்." எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

ஆடி வெள்ளி வந்தது. அவளுடைய தண்டனை முடிந்த மறுநாள். "வந்துட்டுப் போ, கன்னிக்குப் படைக்கணும்" என்று அம்மா போன் செய்திருந்தார். நான் கூப்பிடவில்லை, அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் எனக்கு நிற்க இடம், அவளுக்கு உட்கார இடம். என் பை அவள் மடியில் இருந்தது. கண்டக்டரிடம் வழக்கம்போலக் கேட்டாள், பக்கத்து அம்மாளிடமும் கேட்டாள்.

"வாம்மா, ஏனாம் பொண்ணா நீ? உள்ள வா," என்றார் அம்மா. அப்பாவும், "வாம்மா" என்றார், அவளிடம். கூடத்தில் ஓலைப்பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். இலையில் சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், அத்தைக்குப் பிடித்த வெள்ளரிப் பிஞ்சு. பெட்டியின்மேல் புதுச்சேலை, சிவப்பு. அவள் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வார்டில் கேஸ் ஷீட் படிக்கிற அதே பார்வை.

"அவங்களுக்கு என்ன ஆச்சு ஆன்ட்டி?"

"வயித்துவலிம்மா."

"எந்த டாக்டர் பாத்தாங்க? அப்பெண்டிக்ஸா?"

அம்மா திணறிப்போனார். "அந்தக் காலத்துல என்னம்மா டாக்டரு..."

"அவுனா?"

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவள் சேலைக்குப் போய்விட்டாள்.

"மஞ்சள் வெச்ச சாரிய வேற யாரு கட்டலாம் ஆன்ட்டி?"

"யாரும் கட்டக் கூடாதும்மா. இது கன்னிக்கின்னே வைக்கிறது. வருசம் திரும்புனாதான் வெளிய எடுப்போம்."

"எத்தன சாரி வைக்கணும்?"

"ஒரு கன்னிக்கு ஒரு சேலதான்."

"இங்க ஒரு கன்னிதானே?"

"ஒண்ணுதான்மா. ஏன் கேக்குற?"

"இல்ல ஆன்ட்டி, ஹாஸ்டல்ல இவ ட்ரங்குல இன்னொரு சாரி இருக்கு. நீலம். நாலு பக்கம் மஞ்சள் வெச்சது. ஆடிக்கு இங்க கொண்டுவரணும்னு சொல்லுச்சு. இன்னிக்கு பையில எடுத்துட்டு வரல." பெட்டியை ஒரு முறை பார்த்தாள். "அது யாருக்கு?"

அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து வெற்றிலை தரையில் கொட்டியது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தொட்டுக் கும்பிடவில்லை. அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாலு மாதம் கழித்து அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

"யாருக்கும்மா அது?"

பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அழுகை வரவில்லை, அவள்மேல் கொலைவெறிதான் வந்தது. என் ஏற்பாட்டையெல்லாம் ஒரு கேள்வியில் குப்பையாக்கிவிட்டாளே என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எந்தங்கச்சிக்கு வயித்துவலியெல்லாம் இல்லம்மா," என்றார். "சின்ன விசயம். நான் கோச்சுக்கிட்டு அவகூட பேசாம இருந்தேன். ரெண்டு மூணு தடவ வந்து அண்ணே அண்ணேன்னுச்சு. நான் திரும்பிப் பாக்கல. நாளைக்குப் பேசிக்கலாம்னு இருந்தேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவரும் வயிற்றுவலி என்றுதான் கேட்டிருக்கிறார். பெட்டியிடம் அப்பா இத்தனை வருஷம் பேசியது பக்தி என்று நினைத்திருந்தேன். அது பதில் வராத பேச்சு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இதைத்தானா என்று பயந்துபோய் அப்பாவின் தோளில் சாய்ந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. அவள் குனிந்து வெற்றிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு தடவை மட்டும் அவுனா என்று கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "தெரிஞ்சுதானே கேட்ட?"

"எனக்கு என்ன தெரியும்? எங்க ஊர்ல இந்த வழக்கமே இல்ல. சாரி ரெண்டு இருந்துச்சு. கேட்டேன்."

"நம்பல," என்றேன்.

வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோட்டுச்சேரி தாண்டிய பிறகு அவளாகவே சொன்னாள். அந்தக் கோச்சிங் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் ஒரு நாள் தன் நோட்டுகளையும் ஊறுகாய் ஜாடியையும் இவளிடம் கொடுத்தாளாம். எனக்கு வேணாம், நீ வெச்சுக்க என்று சிரித்தாளாம். "நல்லா சிரிச்சுச்சு. நானும் தேங்க்ஸ் சொல்லி வாங்கிட்டேன். மறுநாள் அது இல்ல. அந்த ஊறுகாய்ல பாதிய அன்னிக்கே தின்னுட்டேன்." என் பக்கம் திரும்பி, "நீ வாட்ச் குடுத்தே," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் மனநலப் பிரிவுக்கு என்னை அழைத்துப் போனாள். சீட்டை அவளே வாங்கி, அவளே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்ததும் கதவைத் திறந்து, "சார், எல்லாம் கேட்டீங்களா?" என்று டாக்டரையே விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் எத்தனை முறை போக வேண்டியிருந்ததோ அத்தனை முறையும் கூட வந்தாள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஆடி வரைக்கும்கூட சில நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் சொல்வதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

என் ட்ரங்கிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட நீலச் சேலையைத் திருப்பித் தரவே இல்லை. துவைக்கிற கல்லில் மூன்று முறை அடித்து மஞ்சளைப் போக்கி, கல்லூரியின் கடைசி நாள் விழாவுக்குத் தானே கட்டிக்கொண்டு வந்தாள். "அத யாரும் கட்டக் கூடாதுடி!" என்று பதறினேன். "அது உங்க சாமிக்கு. நான் தெலுங்கு," என்றாள். அழகாகத்தான் இருந்தாள்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போனாள், பிறகு சென்னையில் வேலை, அப்புறம் வளைகுடா நாடு. ஞாயிறு தவறாமல் போன் வரும். நான் நல்லா இருக்கேன் என்றால், "அத நீ சொல்லாத. அப்பாகிட்ட குடு," என்பாள். அப்பாவிடம் ஒரே கேள்விதான். "அங்கிள், இந்த வாரம் அவகிட்ட என்ன பேசுனீங்க?" அப்பா வாத்தியார் முன்னால் நிற்பவர் போல எழுந்து நின்று சொல்வார். கொழம்புல உப்பு கூடன்னு சொன்னேம்மா. டியூட்டி எப்பன்னு கேட்டேம்மா. அவள் சந்தேகம் என்மேல் இல்லை, அவர்மேல்தான் என்பது எனக்கு அந்தப் போன்களில்தான் விளங்கியது.

இரண்டு வருஷமாகப் போன் வரவில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. நான் யார் யாரிடமோ விசாரித்துவிட்டேன். போனில் எல்லாரும் படம் போடுகிற இடம் எதிலும் அவள் கிடையாது, அதையெல்லாம் அவள் எப்போதும் நம்பியதில்லை. அவளுக்கு என்ன ஆனது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குள் அவளுடைய பழைய சந்தேகம் தலைதூக்குகிறது. நல்லாத்தான் இருப்பாள் என்று சொல்லிக்கொள்கிறேன். அவுனா என்று உடனே கேட்கிறது.

போன ஞாயிறு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனேன். அப்பா அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவருக்குப் பேச்சு அவ்வளவு சுலபமாக வராது, மூச்சு வாங்கும்.

"இன்னைக்கு பஸ்ஸுல கூட்டமாம்மா?"

"இல்லப்பா. உக்காந்துதான் வந்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். துண்டால் காலைத் துடைத்தார். உள்ளே போகப்போனவர் நின்று திரும்பினார்.

"அந்தப் பொண்ணு போன் போட்டுச்சுன்னா, பஸ்ஸப் பத்திப் பேசுனோம்னு சொல்லிடு."